மறுபடியும் ஐ.சி.யூ. என்றால் சம்மதிக்கலாமா?

கேள்வி: எங்கள் ஏழு வயது மகனுக்கு ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய். கீமோதெரபி தொடங்கிய மூன்றாவது வாரத்தில் ஒருநாள் இரவு காய்ச்சல் 101 டிகிரி இருந்தது. பாராசிட்டமால் கொடுத்தோம், காய்ச்சல் இறங்கித் தூங்கிவிட்டான். விடியற்காலையில் உடம்பு கொதித்தது, ஆனால் கையும் காலும் சில்லிட்டிருந்தன. கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லவில்லை. மருத்துவமனைக்கு ஓடினோம். அன்றே ஐ.சி.யூ.வில் சேர்த்து வென்டிலேட்டர் வைத்தார்கள். பத்து நாள் கழித்து வார்டுக்கு வந்து, இப்போது வீட்டில் இருக்கிறான். அடுத்த கட்ட கீமோ தொடங்க வேண்டும் என்கிறார்கள். இன்னொரு முறை ஐ.சி.யூ. என்றால் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் என் கணவர். வென்டிலேட்டர் வரை போன குழந்தைகள் தேறுவதில்லை என்று உறவினர்களும் சொல்கிறார்கள். மருந்து கேட்கவில்லை என்பதால்தான் ஐ.சி.யூ. வரை போனதா? அன்றிரவே கொண்டுபோகாதது எங்கள் தவறா? கீமோ இடையில் நின்றதால் நோய் திரும்பிவிடுமா? இப்போது தரையில் உட்கார்ந்தால் அவனால் எழ முடியவில்லை. இரவில் அலறிக்கொண்டு எழுகிறான். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் கணவர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். உங்களுடைய மற்றக் கேள்விகள் எல்லாம் அதில்தான் வந்து சேர்கின்றன. குழாய்களுக்கும் மானிட்டர்களுக்கும் நடுவில் மகனைப் பத்து நாள் பார்த்த ஒரு தகப்பன் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஆயினும், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவன் என்ற முறையில் என் பதில் தெளிவானது: உங்கள் மகனின் நோய் இப்போது இருக்கும் கட்டத்தில், தேவைப்பட்டால் ஐ.சி.யூ.வை மறுக்கக் கூடாது. மறுப்பது மட்டுமல்ல, தயங்குவதும் கூடாது. இந்தக் குழந்தைகளில் பிழைத்தவர்களையும் பிழைக்காதவர்களையும் எண்ணிப் பார்க்கும்போது, ஐ.சி.யூ.வுக்குள் வந்தார்களா என்பதைவிட எந்த மணி நேரத்தில் வந்தார்கள் என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

மருந்து கேட்கவில்லை என்று நீங்கள் அஞ்சுவதற்கு இதில் ஆதாரம் எதுவும் இல்லை. லுக்கேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய், மருந்துக்குக் கட்டுப்படுகிறதா என்பது ஒரு கேள்வி; மருந்து நடக்கும்போது உடல் தொற்றைத் தாங்குகிறதா என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு விடை சொல்வது, இன்டக்‌ஷன் எனப்படும் முதல் கட்டம் முடியும்போது எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்துப் பார்க்கும் எம்.ஆர்.டி. பரிசோதனை. பத்தாயிரம் செல்களில் ஒரு புற்றுநோய்ச் செல் மிச்சமிருந்தாலும், அதாவது 0.01 விழுக்காடு இருந்தாலும், அதைக் கண்டுபிடிக்கக்கூடிய பரிசோதனை அது. மகனுக்கு அது எடுக்கப்பட்டதா, முடிவு என்ன என்று உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். ஐ.சி.யூ.வில் இருந்த பத்து நாட்களைவிட அந்த ஒரு எண்தான் அவனுடைய நோயைப் பற்றி அதிகம் சொல்லும்.

பிறகு ஏன் இவ்வளவு தூரம் போனது? கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் வெள்ளையணுக்களுக்கு நியூட்ரோபில் என்று பெயர். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் அவை 1,500க்கு மேல் இருப்பது இயல்பு. 500க்குக் கீழே போனால் உடல் ஏறக்குறையக் காவலின்றி நிற்கிறது. நோய் கண்டறியப்படும்போதே உங்கள் மகனின் மஜ்ஜையைப் புற்றுநோய்ச் செல்கள் அடைத்துக்கொண்டிருந்திருக்கும். அவற்றை அழிக்கத் தரும் மருந்துகள் மிச்சமிருக்கும் நல்ல செல்களையும் சேர்த்தே குறைப்பதால், முதல் மாதத்தில் இந்த எண்ணிக்கை நாள்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் தாழ்ந்து கிடக்கும். எண்ணிக்கை எவ்வளவு குறைகிறது, எவ்வளவு காலம் குறைந்தே இருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்தே தொற்றின் ஆபத்து கூடுகிறது என்பதை அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் போடியும் அவருடன் பணியாற்றிய மருத்துவர்களும் 1966ஆம் ஆண்டிலேயே லுக்கேமியா நோயாளிகளிடம் காட்டினார்கள். இன்றுவரை எங்கள் வேலை முழுவதும் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

பார்க்க வந்தவர் யாரோ கொண்டுவந்த கிருமி, வீட்டில் ஏதோ சுத்தக்குறைவு என்று பல தாய்மார்கள் தங்களையே குற்றம் சாட்டிக்கொள்வதுண்டு. பெரும்பாலான நேரங்களில் கிருமி வெளியிலிருந்து வருவதில்லை. கீமோ மருந்து வாயின் உட்புறத்தையும் குடலின் உள் சவ்வையும் புண்ணாக்குகிறது. குழந்தையின் குடலில் காலங்காலமாகத் தொல்லை தராமல் இருந்த ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அந்தப் புண்களின் வழியே ரத்தத்துக்குள் புகுந்துவிடுகின்றன. நீங்கள் எவ்வளவு கழுவித் துடைத்திருந்தாலும் இதை முழுவதும் தடுத்திருக்க முடியாது.

இனி அந்த இரவைப் பற்றி. உங்களைத் தேற்றுவதற்காக, காலைவரை காத்திருந்ததால் எதுவும் மாறவில்லை என்று நான் எழுதினால் அது உண்மையாகாது. இத்தகைய குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் நரம்பு வழியே ஏறிவிட வேண்டும் என்பதுதான் நாங்கள் எங்களுக்கே வைத்துக்கொண்டிருக்கும் இலக்கு. ஆனால் அன்று உங்களை ஏமாற்றிய இரண்டு விஷயங்களை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, பாராசிட்டமால் காய்ச்சலை இறக்குமே தவிர, கிருமியை ஒன்றும் செய்யாது. வெப்பமானியில் எண் இறங்கியதைப் பார்த்து ஆபத்து நீங்கியதாக யாருக்கும் தோன்றும். மற்றொன்று, முதல் மாதத்தில் தினமும் தரப்படும் ஸ்டீராய்டு. அது காய்ச்சலையும் வலியையும் மறைத்துவிடும்; ரத்தத்தில் கிருமி பெருகும்போதும் குழந்தை வெறுமனே சோர்ந்து படுத்திருப்பதாகவே தெரியும். இவற்றையெல்லாம் நோய் கண்டறிந்த அதிர்ச்சியில் இருந்த உங்களுக்கு யாராவது நிதானமாக, ஒருமுறைக்கு இருமுறை சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தும் மனதில் தங்காமல் போயிருந்தால் அதுவும் இயல்பே. விடியற்காலையில் கை கால் சில்லிட்டதைக் கண்டதும் இன்னும் சற்று நேரம் பார்க்கலாம் என்று இருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள் அல்லவா, அதுதான் உங்கள் மகனைக் காப்பாற்றியது.

அந்தச் சில்லிட்ட கைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அடுத்த முறை உங்களுக்கு வழிகாட்டக்கூடிய அடையாளம் அது. ரத்தத்தில் தொற்று பரவி அழுத்தம் சரியத் தொடங்கும்போது, குழந்தையின் உடல் கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. அதனால் நெற்றியும் வயிறும் சுடும், விரல்கள் மட்டும் குளிர்ந்து வெளிறியோ நீலம் பாரித்தோ இருக்கும். பெரியவர்களைப் போலன்றி, குழந்தைகளுக்கு ரத்த அழுத்தம் கடைசிக் கட்டத்தில்தான் விழும். அதற்கு வெகுநேரம் முன்பே இதயம் வேகமாக ஓடத் தொடங்கியிருக்கும், மூச்சு வாங்கும், சிறுநீர் குறையும். நாங்கள் ஒரு குழந்தையைப் பார்த்தவுடன் செய்யும் சோதனை மிக எளிமையானது: கையை இதயத்தின் மட்டத்துக்கு உயர்த்தி, விரல் நுனியை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு விடுகிறோம். வெளுத்துப்போன இடத்தில் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணிக்கை நீண்டால், மானிட்டரில் அழுத்தம் சரியாக இருப்பதாகக் காட்டினாலும் நாங்கள் காத்திருப்பதில்லை.

ஐ.சி.யூ.வில் உங்கள் மகனுக்கு ஆன்டிபயாடிக்குடன் நரம்பு வழியே திரவமும், அழுத்தத்தைத் தூக்கி நிறுத்த அட்ரினலின் போன்ற மருந்தும் தந்திருப்பார்கள். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தையின் அட்ரினல் சுரப்பி தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும் என்பதால் ஹைட்ரோகார்ட்டிசோனும் கொடுத்திருக்கக்கூடும். வென்டிலேட்டர் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். இப்படி ரத்த ஓட்டம் தளர்ந்து, ஷாக் எனப்படும் நிலையில் உள்ள குழந்தை மூச்சு விடுவதற்கே தன் பலத்தில் பெரும்பகுதியைச் செலவிடுகிறது. அந்த உழைப்பை இயந்திரம் ஏற்றுக்கொண்டால், மிஞ்சும் ரத்தமும் ஆக்சிஜனும் மற்ற உறுப்புகளுக்குப் போகின்றன. வென்டிலேட்டர் எந்த நோயையும் குணப்படுத்துவதில்லை. ஆன்டிபயாடிக் வேலை செய்யவும், மஜ்ஜை மீண்டும் நியூட்ரோபில்களை உருவாக்கவும் தேவைப்படும் நாட்களை அது சம்பாதித்துத் தருகிறது. வென்டிலேட்டர் வைத்தார்கள் என்பதற்குப் பொருளும் அவ்வளவுதான்.

உங்கள் உறவினர்கள் சொல்வது பொய்யல்ல, பழையது. 1980களில் வென்டிலேட்டருக்குப் போன புற்றுநோய்க் குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை என்பது உண்மை, ஐ.சி.யூ.வில் இடம் கொடுப்பதில் பயன் உண்டா என்று மருத்துவர்களே விவாதித்த காலம் அது. லுக்கேமியாவைப் பற்றியும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினார்கள். 1948ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துச் சில குழந்தைகளுக்கு நோயைத் தற்காலிகமாக அடக்கிக் காட்டியதே அப்போது பெரும் செய்தியாக இருந்தது. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையில் மருத்துவர் டொனால்ட் பிங்கெலின் குழு ஏறத்தாழப் பாதிப் பேரைக் குணப்படுத்த முடியும் என்று நிறுவியது. இன்று மருத்துவ வசதிகள் நிறைந்த நாடுகளில் ஏ.எல்.எல். நோயுள்ள குழந்தைகளில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். இந்த முன்னேற்றத்தைக் கீமோ மருந்துகள் மட்டும் கொண்டுவரவில்லை. வீரியமான மருந்தைக் கொடுத்துவிட்டு, அதன் விளைவுகளிலிருந்து குழந்தையைக் கரை சேர்க்க முடியும் என்ற துணிச்சல், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை ஏற்றுவதிலிருந்து தீவிர சிகிச்சை வரையிலான துணைச் சிகிச்சைகள் வளர்ந்ததால்தான் வந்தது.

எல்லாக் குழந்தைகளுக்கும் இது ஒரே மாதிரி என்று நான் சொல்லவில்லை. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பிறகு பல உறுப்புகள் ஒருசேரச் செயலிழந்து வரும் குழந்தையின் நிலைமை இன்றும் கடினமானது. பலமுறை திரும்பி வந்து, மேற்கொண்டு தர மருந்தில்லாத கட்டத்தில் உள்ள நோய்க்கு வென்டிலேட்டர் வைப்பது துன்பத்தை நீட்டிப்பதாகவே முடியலாம். அப்போது குழந்தைக்கு எது நல்லது என்று வலி தணிப்பு மருத்துவர்களையும் சேர்த்துக்கொண்டு பேசுவதுதான் சரி, அந்தப் பேச்சில் பெற்றோரின் குரலுக்கு முழு மதிப்பு உண்டு. உங்கள் மகன் அந்த இடத்தில் இல்லை. முதல் கட்டத்தில், முதல்முறையாக, குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை பெறும் குழந்தை அவன். ஆகவேதான் மறுக்காதீர்கள் என்று இவ்வளவு அழுத்தமாக எழுதுகிறேன்.

கீமோ இடையில் நின்றதைப் பற்றிய அச்சத்தைப் பெருமளவு விட்டுவிடலாம். இந்த நோய்க்கான சிகிச்சை பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீள்கிறது. அதில் உயிருக்கு ஆபத்தான தொற்றின்போது சில நாட்களோ ஓரிரு வாரங்களோ மருந்தை நிறுத்துவதும், அளவைக் குறைப்பதும் மருத்துவர்கள் எதிர்பார்த்தே வைத்திருக்கும் மாற்றங்கள். எந்த மருந்தைத் தள்ளிவைக்கலாம், எதைத் தள்ளக் கூடாது என்று ஐ.சி.யூ.வில் இருந்தபோதே புற்றுநோய் மருத்துவர் முடிவு செய்திருப்பார். கவலைப்பட வேண்டியது வேறொன்று: பயத்தால் அடுத்த கட்டத்தை நீங்களாகத் தள்ளிப்போடுவது. நோய் அடங்கியதுபோல் தோன்றும்போது சிகிச்சையை விட்டுவிட்டால், கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சியிருக்கும் செல்கள் மீண்டும் பெருகும். திரும்பி வரும் நோய் முதலில் வந்ததைவிடப் பிடிவாதமானது. மருத்துவர் நாள் குறித்தால் அந்த நாளில் போய்விடுங்கள்.

அடுத்த காய்ச்சலுக்கு இன்றே தயாராக இருங்கள். பொதுவாக, ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸ், அதாவது ஏறத்தாழ 101 ஃபாரன்ஹீட் தொட்டாலோ, 38.0, அதாவது 100.4, ஒரு மணி நேரம் நீடித்தாலோ அதை அவசரமாகக் கருதுகிறோம். சில மருத்துவமனைகள் சற்றே வேறுபட்ட எண்ணை வைத்திருக்கும். உங்கள் மருத்துவமனை சொல்லும் எண்ணையே பின்பற்றுங்கள். அந்த எண் வந்துவிட்டால் எந்த நேரமானாலும் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். பாராசிட்டமாலை மருத்துவர் சொன்ன பிறகே கொடுங்கள். ஆசனவாய் வழியாக வெப்பநிலை பார்ப்பதோ, அவ்வழியே மருந்து வைப்பதோ, எனிமா தருவதோ வேண்டாம். அங்கு ஏற்படும் சிறு கீறல் போதும், கிருமி உள்ளே போக. காய்ச்சலே இல்லாமல் குழந்தை துவண்டு கிடந்தாலும், வயிறு கடுமையாக வலித்தாலும், கை கால் குளிர்ந்தாலும், உடல் வெப்பம் இயல்புக்குக் கீழே போனாலும் அதே அவசரத்தோடு கொண்டுபோங்கள். மருந்து செலுத்துவதற்காக மகனின் மார்பில் ‘போர்ட்’ அல்லது ‘சென்ட்ரல் லைன்’ என்ற குழாய் பொருத்தப்பட்டிருந்தால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: அதில் மருந்தோ உப்புநீரோ செலுத்திய சிறிது நேரத்தில் உடல் தூக்கிப் போடும்படி குளிர்நடுக்கம் வந்தால், அந்தக் குழாயிலேயே கிருமி தங்கியிருக்கலாம். நேரம் குறித்து அதைச் செவிலியரிடம் சொல்லுங்கள். நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்க அந்த ஒரு தகவல் பலமுறை எங்களுக்கு உதவியிருக்கிறது.

அவசரப் பிரிவில் நுழைந்ததும், முதல் வாக்கியமாகவே, "லுக்கேமியாவுக்குக் கீமோ எடுக்கும் குழந்தை, காய்ச்சல்" என்று சொல்லுங்கள். கடைசியாகக் கீமோ கொடுத்த தேதி, கடைசி ரத்தப் பரிசோதனையின் எண்கள், ஒவ்வாமை உள்ள மருந்துகள், ஐ.சி.யூ.வில் இருந்தபோது கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், வளர்ந்த கிருமியின் பெயர் ஆகிய நான்கும் எழுதிய தாள் ஒன்று எப்போதும் உங்கள் பையில் இருக்கட்டும். வார்டில் இருக்கும்போது மூச்சு, நாடித்துடிப்பு, நினைவு இவற்றுக்கு மதிப்பெண் இட்டு, ஒரு அளவைத் தாண்டினால் ஐ.சி.யூ. குழுவை உடனே அழைக்கும் முறை பல மருத்துவமனைகளில் இருக்கிறது. பெற்றோரின் கவலையையும் ஒரு மதிப்பெண்ணாகச் சேர்க்கும் இடங்கள் உண்டு. "எப்போதும் போல் இல்லை" என்று உங்களுக்குத் தோன்றினால் அதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

ஐ.சி.யூ.வுக்கு மாற்றுவது எப்போதும் தொற்றுக்காகத்தான் என்று எண்ணிவிடவும் வேண்டாம். ஆஸ்பராஜினேஸ் என்ற கீமோ மருந்தால் கணையம் வீங்கலாம், மூளையின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைக்கலாம், ஒவ்வாமை வரலாம். வேறு சில மருந்துகளாலோ உயர்ந்த ரத்த அழுத்தத்தாலோ வலிப்பு வரலாம். இவற்றுக்காக ஓரிரு நாள் கண்காணிப்பில் வைத்துவிட்டு வார்டுக்கு அனுப்பப்படும் குழந்தைகள் ஏராளம். வெறும் கண்காணிப்புக்காக அழைக்கும்போதே சம்மதிப்பதுதான் நல்லது. மூச்சு முற்றிலும் தளர்ந்த பிறகு அவசரமாகக் குழாய் வைப்பதைவிட, தட்டணு ஏற்றி, ஆட்களைத் தயார்படுத்தி, நிதானமாக வைப்பது பன்மடங்கு பாதுகாப்பானது.

அவனால் தரையிலிருந்து எழ முடியாததற்கு மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கலாம். ஸ்டீராய்டு தொடைத் தசைகளைத் தளர்த்துகிறது. வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து நரம்புகளைப் பாதிப்பதால் பாதம் தொங்கி, நடை தடுமாறுகிறது. மயக்க மருந்துடன் பல நாள் அசையாமல் படுத்திருந்ததில் தசை கரைகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும், ஆனால் தானாகச் சரியாகட்டும் என்று விடக் கூடாது. இயன்முறை மருத்துவரிடம் இப்போதே காட்டுங்கள். ஐ.சி.யூ.வில் பூஞ்சைத் தொற்றுக்காக வோரிகோனசோல் போன்ற மருந்து தொடங்கி அது இன்னும் நடக்கிறதென்றால், அடுத்த வின்கிரிஸ்டின் ஊசிக்கு முன் புற்றுநோய் மருத்துவரிடம் கட்டாயம் நினைவூட்டுங்கள். இரண்டும் சேர்ந்தால் நரம்புப் பாதிப்பு கடுமையாகும்.

இரவில் அலறுவது என்னை உங்கள் கடிதத்தில் அதிகம் நிறுத்திய வரி. தொண்டையில் குழாய் இருக்கும்போது குரல் வராது. அரை மயக்கத்தில் கண் திறந்த ஒரு குழந்தை வாயசைக்கிறது, சத்தம் வரவில்லை; கையை அசைக்கிறது, குழாயை இழுத்துவிடாதபடி மென்துணியால் கட்டியிருக்கிறது; அலாரம் ஒலிக்கிறது, முகமூடி அணிந்த ஒருவர் குனிகிறார். அது எங்கே, ஏன், எப்போது முடியும் என்று அவனுக்குத் தெரியாது. தீவிர நோயில் மூளை குழம்பும்போது இல்லாத உருவங்களும் தெரியும். அந்தத் துண்டு துண்டான நினைவுகள்தான் இரவில் திரும்பி வருகின்றன. மறக்கட்டும் என்று அந்தப் பேச்சையே எடுக்காமல் இருப்பதைவிட, பகலில், அவன் கேட்கும் அளவுக்கு, நடந்ததை வரிசைப்படுத்திச் சொல்வது உதவும்: உனக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது, மூச்சு விட மெஷின் உதவியது, குழாய் இருந்ததால்தான் பேச முடியவில்லை, அம்மாவும் அப்பாவும் பக்கத்திலேயே இருந்தோம், பிறகு குழாயை எடுத்துவிட்டார்கள். வரையச் சொல்லுங்கள்; பொம்மைக்கு ஊசி போட்டு விளையாடினால் தடுக்காதீர்கள். அலறி எழும்போது விளக்கைப் போட்டு, வீட்டில் இருக்கிறாய் என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்கு மேலும் இது குறையாவிட்டாலோ, ஊசி, மருத்துவமனை என்றதும் உடல் நடுங்கினாலோ குழந்தைகள் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதே அறிகுறிகள் பெற்றோருக்கும் வருவதுண்டு. இனி கையெழுத்துப் போட மாட்டேன் என்று உங்கள் கணவர் சொல்வதற்குப் பின்னால் அதுவும் இருக்கக்கூடும், அவருக்கும் தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள்.

அடுத்த கட்டம் தொடங்குவதற்கு முன் அவரையும் அழைத்துக்கொண்டு புற்றுநோய் மருத்துவரையும், முடிந்தால் மகனைப் பார்த்த ஐ.சி.யூ. மருத்துவரையும் ஒருசேரச் சந்திக்க நேரம் கேளுங்கள். இந்த முறை வரப்போகும் மருந்துகளில் எவை நியூட்ரோபிலை அதிகம் குறைக்கும், எந்த வாரத்தில் எண்ணிக்கை மிகத் தாழும், அந்த நாட்களில் இரவு நேரத்தில் யாரை அழைக்க வேண்டும், மறுபடியும் ஐ.சி.யூ. என்றால் பெற்றோரில் ஒருவர் கட்டிலருகே இருக்கலாமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை உங்கள் கணவரே கேட்கட்டும். உடனிருந்து அவன் கையைப் பிடித்துக்கொள்ளலாம், பேசலாம் என்று பல பிரிவுகள் இன்று பெற்றோரை அனுமதிக்கின்றன. மயக்கத்தில் இருக்கும் குழந்தைக்கும் பழகிய குரல் கேட்கக்கூடும் என்பதால் நாங்களே பேசச் சொல்கிறோம். கதவுக்கு வெளியே நின்று காத்திருந்த அவருக்கு, உள்ளே தனக்கும் செய்ய ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்தால், கையெழுத்தைப் பற்றிய பேச்சே வேறு மாதிரி நடக்கும் என்று நினைக்கிறேன்.